குரோன்யேவும் என் மீசையும்: ஒருத்தரோட நல்ல பேர் சரியா எந்த நேரத்தில் போகுது?

#1 மிட்விக்கெட்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் பழைய கிரிக்கெட் வீடியோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். 2000 மார்ச், பெங்களூர் டெஸ்ட். தென்னாப்பிரிக்கா நம் ஊருக்கே வந்து நம்மை 2-0 என்று சுருட்டிவிட்டுப் போன தொடர். "இந்த கேப்டன் யாருப்பா, ஹெட்மாஸ்டர் மாதிரி நிக்கிறாரு" என்று கேட்டான். ஹன்சி குரோன்யே என்று பேரை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். மேலே சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

சின்ன வயசுக்காரர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தத் தொடர் முடிந்து சில வாரத்தில், ஏப்ரல் 7ஆம் தேதி, டெல்லி போலீஸ் ஒரு குண்டைப் போட்டது. சஞ்சீவ் சாவ்லா என்கிற சூதாட்டத் தரகரோடு குரோன்யே ஃபோனில் பேசியது எங்களிடம் பதிவாகி இருக்கிறது என்று. குரோன்யே மறுத்தார். இரண்டு நாள் கழித்துப் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வைத்தும் மறுத்தார். 11ஆம் தேதி விடியற்காலை மூன்று மணிக்குத் தன் கிரிக்கெட் போர்டு நிர்வாக இயக்குநர் அலி பாக்கரைக் கூப்பிட்டு, நான் முழு உண்மையைச் சொல்லவில்லை என்றார். அன்றைக்கே கேப்டன் பதவி போயிற்று.

அந்த நாலு நாளும் கோயம்புத்தூரில் எங்கள் ஹாஸ்டலில் குரோன்யேவுக்கு நான்தான் வக்கீல். பேப்பரில் வந்த உரையாடலைக் கையில் வைத்துக்கொண்டு, "இது தென்னாப்பிரிக்காக்காரன் பேசுற இங்கிலீஷே இல்லடா, டெல்லியில எவனையோ வெச்சுப் பேச வெச்சிருக்கானுங்க" என்று வரி வரியாக வாதாடினேன். மெஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவனிடம், அந்த ஆள் பணம் வாங்கியிருந்தால் என் மீசையை எடுக்கிறேன் என்றும் சொல்லித் தொலைத்தேன். 11ஆம் தேதி ராத்திரி சாப்பிடப் போனால் என் தட்டில் தோசை இல்லை, ரேசரும் சோப்பும் இருந்தது.

மீசை இரண்டு மாதத்தில் வளர்ந்துவிட்டது. ஆனால் அதற்கப்புறம் படிப்பு முடியும்வரை நான் எதை அடித்துச் சொன்னாலும் எவனாவது "மீசை பத்திரம்" என்பான். தப்பு செய்தது பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒருத்தர், மதிப்புக் குறைந்தது எனக்கு. இப்போது இதைக் கிளற வேறொரு காரணமும் இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன். முதலில் கேள்வி: ஒருத்தருக்குப் பேர் போவது காசை வாங்கும்போதா, மாட்டும்போதா, இல்லை மறுக்கும்போதா?

#2 சோடாபுட்டி

அண்ணே, மீசை இல்லாத போட்டோ ஒன்று இருக்குமே. அதைப் போடாமல் இந்த இழை நகரக் கூடாது.

#3 பழைய_ஸ்கோர்புக்

எல்லாரும் ஏப்ரலைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஜனவரிக்குப் போங்கள். செஞ்சூரியன் டெஸ்ட், இங்கிலாந்துக்கு எதிராக. தொடரை ஏற்கெனவே 2-0 என்று தென்னாப்பிரிக்கா பிடித்தாகிவிட்டது. முதல் நாள் ஆட்டத்துக்குப் பிறகு மூன்று நாள் மழையில் போயிற்று. கடைசி நாளில் குரோன்யே இங்கிலாந்து கேப்டன் நாசர் ஹுசைனிடம் போய், ஆளுக்கு ஒரு இன்னிங்ஸை விட்டுக்கொடுப்போம், 249 ரன் அடிக்கப் பாருங்கள் என்றார். டெஸ்ட் சரித்திரத்தில் அதுவரை நடக்காதது. இங்கிலாந்து இரண்டு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. செத்துப்போன ஆட்டத்துக்கு உயிர் கொடுத்தார் என்று பாராட்டு. நானும் ஸ்கோர் நோட்டில் பக்கத்து ஓரத்தில் "பெரிய மனசு" என்று பேனாவால் எழுதி வைத்தேன். அந்த நோட்டு இன்னும் பரணில் இருக்கிறது.

பிறகு விசாரணையில் தெரிந்தது என்ன? ஆட்டத்துக்கு எப்படியாவது ஒரு முடிவு வர வேண்டும் என்று இன்னொரு தரகர் ஆசைப்பட்டார். அதற்குக் கைம்மாறாக 53,000 ராண்டும் ஒரு தோல் ஜாக்கெட்டும் கேப்டன் கைக்கு வந்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அதே யோசனையை பாகிஸ்தானின் சலீம் மாலிக் சொல்லியிருந்தால் மைதானத்திலேயே சந்தேகப்பட்டிருப்பார்கள், அவர் மேல் 1995லேயே புகார் கிளம்பியாயிற்று. குரோன்யே செய்தபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. தேவாலயத்துக்குப் போகிறவர், ஒழுங்கானவர், மண்டேலா காலத்துத் தென்னாப்பிரிக்காவின் முகம். தரகர்கள் விலை பேசியது அவருடைய பேட்டுக்கு இல்லை, அந்தப் பேருக்குத்தான். அவரும் அதைத்தான் விற்றார். மற்றவர்களுக்குத் தெரிய நாளாயிற்று, அவ்வளவுதான்.

#4 எதிர்க்கட்சி

ஆரம்பிச்சுட்டீங்களா புராணத்தை. பேராவது மண்ணாவது. நம்ம ஊர் கதையை எடுங்க. நம்ம முன்னாள் கேப்டன் அசாருதீனுக்கு 2000 டிசம்பரில் சூதாட்டப் புகாரில் ஆயுள் தடை. 2009இல் மொராதாபாத்தில் நின்று எம்.பி. ஆனார். 2019இல் ஹைதராபாத் கிரிக்கெட் சங்கத்துக்கே தலைவர். ஓட்டு போட்டது யார், செவ்வாய் கிரகத்துக்காரனா? பத்து வருஷம் தலைமறைவா இருந்துட்டு வெள்ளைச் சட்டையில வந்தா எல்லாம் சரியாப் போகும். குரோன்யே சீக்கிரம் செத்துப் போயிட்டார், அதுதான் அவர் செஞ்ச தப்பு. இருந்திருந்தா இன்னிக்கு கமென்ட்ரி பாக்ஸ்ல உட்கார்ந்திருப்பார்.

#5 பழைய_ஸ்கோர்புக்

எதிர்க்கட்சி சார், சொன்னால் முழுசாகச் சொல்லுங்கள். அந்தத் தடை செல்லாது என்று 2012இல் ஆந்திர உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதனால் ஜாக்கிரதையாகப் பேசுவோம். ஆனால் ஒன்று: முதல் மூன்று டெஸ்டிலும் சதம் அடித்த மனுஷன், கடைசியாக ஆடிய அதே பெங்களூர் டெஸ்டிலும் 102 அடித்தார். மொத்தம் 99 டெஸ்ட். எம்.பி. ஆனார், தலைவர் ஆனார், நூறாவது டெஸ்ட்டை எந்தக் கோர்ட்டாலும் கொடுக்க முடியவில்லை.

#6 ஜோபர்க்_ரிட்டர்ன்

நான் ஜோகன்னஸ்பர்க்கில் ஐந்து வருஷம் வேலை பார்த்தேன். என்னோடு வேலை செய்தவர் ஒருவர் புளூம்ஃபொன்டைன்காரர், குரோன்யேவின் ஊர். அவருடைய மேசையில் குரோன்யே படம் இருந்தது. அதே அறையில் கேப்டவுன்காரர் ஒருவர் இருந்தார், அவர் அந்தப் படம் இருக்கிற பக்கமே உட்கார மாட்டார். இரண்டு பேரும் நல்ல சிநேகிதர்கள்தான், பார்பெக்யூவுக்கு ஒன்றாகப் போவார்கள், இந்தப் பேச்சு மட்டும் வரக் கூடாது.

கேப்டவுன்காரரின் கோபம் காசு வாங்கியது பற்றி இல்லை. பெங்களூரில் டெஸ்ட்டுக்கு முன்னால் குரோன்யே பெளச்சர், காலிஸ், குளூஸ்னர் என்று தன் அணி ஆட்டக்காரர்கள் மூன்று பேரிடமும், காசுக்கு ஆட்டத்தை விடலாமா என்று விளையாட்டாகக் கேட்கிற மாதிரி பேச்சைப் போட்டுப் பார்த்தார். அவர்கள் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் நாக்பூர் ஒருநாள் போட்டிக்கு முன்னால் யாரிடம் போனார்? கிப்ஸ், ஹென்றி வில்லியம்ஸ். இரண்டு பேரும் வெள்ளையர்கள் இல்லை. ஒருத்தருக்கு அணியில் இடம் ஆடிக்கொண்டே இருக்கும், இன்னொருத்தர் அப்போதுதான் உள்ளே வந்தவர். கிப்ஸ் 20 ரன்னுக்குள் அவுட் ஆக வேண்டும், வில்லியம்ஸ் 50 ரன்னுக்கு மேல் கொடுக்க வேண்டும், ஆளுக்கு 15,000 டாலர். கேப்டன் கேட்டால் அந்த இடத்தில் இருக்கிற பையன் எப்படி முடியாது என்பான்?

நடந்ததுதான் வேடிக்கை. கிப்ஸ் 53 பந்தில் 74 அடித்துவிட்டார், வில்லியம்ஸ் இரண்டாவது ஓவரிலேயே தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். பேரம் நடக்கவே இல்லை. ஆனாலும் இரண்டு பேருக்கும் ஆறு மாதத் தடை. டெல்லி போலீஸுக்குப் பயந்து கிப்ஸ் 2006 வரை இந்தியப் பக்கமே வரவில்லை. இதெல்லாம் கேப்டன் கொடுத்த பரிசு. "அவன் பேரைக் கெடுத்துக்கிட்டதை மன்னிச்சுடுவேன், பசங்க பேரைக் கெடுத்ததை எப்படி மன்னிக்கிறது" என்பார் கேப்டவுன்காரர். (அவர் இதைவிடக் காரமாகச் சொல்வார்.)

புளூம்ஃபொன்டைன்காரரும் சும்மா இல்லை. விசாரணையில் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து ஒத்துக்கொண்டு, முடிந்ததும் நிற்க முடியாமல் அழுதவரைக் கைத்தாங்கலாகத்தான் கூட்டிப்போனார்கள், வேறு எந்த நாட்டு ஆட்டக்காரன் அந்த அளவு ஒத்துக்கொண்டான் என்று கேட்பார். அதிலும் நியாயம் இருக்கிறது. 2002 ஜூன் 1ஆம் தேதி, குரோன்யே வேலை முடிந்து ஜார்ஜ் ஊரில் இருந்த வீட்டுக்கு ஒரு சரக்கு விமானத்தில் தொற்றிக்கொண்டு போகும்போது அது மலையில் மோதி இறந்துபோனார். வயசு 32. இரண்டு வருஷம் கழித்து அந்த நாட்டின் மகத்தான மனிதர்கள் யார் என்று டிவியில் ஓட்டெடுப்பு நடத்தினார்கள், குரோன்யே பதினொன்றாவது. அந்த அறையில் அன்றைக்கு மதியச் சாப்பாடு ரொம்ப அமைதியாக நடந்திருக்கும் என்று நினைக்கிறேன், நான் அப்போது இன்னும் அங்கே வேலைக்குச் சேரவில்லை.

#7 எதிர்க்கட்சி

ஒத்துக்கிட்டாராம். மாட்டினப்புறம் ஒத்துக்கிறதுக்கு மெடலா. அதுவும் முதல்ல கொஞ்சம், அப்புறம் கொஞ்சம், தவணை முறையில.

#8 வளர்மதி_தையல்

எனக்கு கிரிக்கெட் தெரியாது, ஆனால் இந்தத் தவணை முறை தெரியும். எங்கள் வீட்டில் நடந்தது.

என் மாமனார் சீட்டு பிடித்தவர். இருபது பேர், மாதம் ஐயாயிரம், ஒரு லட்சம் சீட்டு. தெருவில் யாராவது திருப்பதி போனால் வீட்டுச் சாவியை எங்கள் வீட்டு ஆணியில்தான் மாட்டிவிட்டுப் போவார்கள், அப்படிப்பட்ட பேர். ஐந்தாவது மாதம் சீட்டை எடுத்த ஆள் ஒரே ராத்திரியில் குடும்பத்தோடு காலி செய்துவிட்டுப் போய்விட்டார். மாமனார் அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஆள் பங்கைத் தன் கையிலிருந்து போட்டார், அப்புறம் மாமியார் வளையல், அப்புறம் என் சங்கிலி ("அவசரத்துக்கும்மா, ரெண்டு மாசம்"), அப்புறம் இன்னொரு சீட்டைத் தொடங்கி அந்தப் பணத்தை இதில் போட்டார். பதிமூன்றாவது மாதம் இரண்டும் சேர்ந்து உடைந்தது.

வாசலில் வந்து நின்றவர்கள் திட்டவே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு பாட்டி மட்டும், "அவன் ஓடின அன்னிக்கே சொல்லியிருந்தா ஆளுக்கு முன்னூறு ரூபா நாங்களே போட்டிருப்போமே அப்பா" என்றார். அதுதான் உண்மை. அவருடைய தப்பு ஒரு லட்சம் இல்லை, அந்த எட்டு மாதம். தினமும் காலையில் சட்டை போட்டுக்கொண்டு, நல்ல பேரோடு தெருவில் நடந்தாரே, அந்த எட்டு மாதம்.

வீட்டை விற்று, ஆறு வருஷத்தில் எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வட்டிதான் இல்லை. கடைசிப் பணத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், அந்த அக்கா என் முன்னாலேயே எச்சில் தொட்டு மூன்று முறை எண்ணினார். முன்பெல்லாம் மளிகைக் கடை அண்ணாச்சி எங்கள் கணக்கை அவரே எழுதிக்கொள்வார். இப்போதும் சாமான் தருகிறார், நன்றாகத்தான் பேசுகிறார், ஆனால் நோட்டைத் திருப்பி வைத்து, "பெரியவரே, ஒரு கையெழுத்து" என்பார். மாமனார் போட்டுவிட்டு வருவார். வீட்டுக்கு வந்தால் சாயந்திரம்வரை பேச மாட்டார்.

ஆணி இன்னும் சுவரில் இருக்கிறது என்று எழுத நினைத்தேன், வீடே இப்போது எங்களுடையது இல்லை.

#9 சோடாபுட்டி

அக்கா, மேலே போட்டோ கேட்டதற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

#10 நாஞ்சில்காரன்

எல்லாரும் தப்பு செய்து பேர் போனவர்களையே பேசுகிறீர்கள். தப்பே செய்யாமல் போனால்? எங்கள் நாகர்கோவில் மண்ணில் பிறந்தவர் நம்பி நாராயணன். இஸ்ரோவில் திரவ எரிபொருள் எஞ்சின் வேலையில் முன்னால் நின்றவர், விகாஸ் எஞ்சின் அவர் குழு செய்ததுதான். 1994 நவம்பர் 30ஆம் தேதி ராக்கெட் ரகசியத்தை விற்றார் என்று கைது. ஐம்பது நாள் உள்ளே. 1996இல் சிபிஐ, இது பொய் வழக்கு என்றது. 1998இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. சரி, அதோடு முடிந்ததா? 50 லட்சம் நஷ்ட ஈடு கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது வருஷம் 2018. அதற்கடுத்த வருஷம் பத்ம பூஷண். இருபத்து நாலு வருஷம் ஒரு மனுஷன் கோர்ட் படியேறியிருக்கிறார்.

கைதான அன்றைக்கு எங்கள் ஊர் டீக்கடையில் பேப்பரைச் சுற்றி இருபது பேர் நின்றார்கள், நான் பள்ளிக்கூடப் பையன், எட்டிப் பார்த்தேன். சிபிஐ சொன்ன அன்றைக்கு அதே கடையில் யார் நின்றார்கள் என்று எனக்கு ஞாபகமே இல்லை. நின்றிருந்தால்தானே ஞாபகம் இருக்கும்.

அதனால் மிட்விக்கெட், நீங்கள் அந்த நாலு நாள் குரோன்யேவுக்காகப் பேசியதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. போலீஸ் சொன்ன உடனே நம்பாத ஒருத்தன் ஊருக்கு ஊர் இருக்கத்தான் வேண்டும். மீசை போனால் போகிறது.

#11 எதிர்க்கட்சி

இதுக்கு மட்டும் எதிர்ப்பு இல்லை. ஆனா அந்த வழக்கில் எந்தக் கட்சி என்ன செஞ்சதுன்னு பார்த்தீங்கன்னா [நீக்கப்பட்டது]

#12 மட்டுறுத்துனர்

கட்சி அரசியலுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. இங்கே வேண்டாம்.

#13 மிட்விக்கெட்

நாஞ்சில்காரரே, நன்றி. இருபது வருஷத்துக்கு முன்னால் நீங்கள் எங்கள் மெஸ்ஸில் இருந்திருக்க வேண்டும்.

சரி, அந்த இன்னொரு காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் சித்தி மகன். ஈரோட்டில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் பில் போடுகிற இடத்தில் இருந்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் கல்லாவில் 18,000 குறைந்தது. பெண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட எடுத்திருக்கிறான், சம்பளத் தேதியில் வைத்துவிடலாம் என்று. பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டான், போலீஸுக்குப் போகவில்லை, வேலை மட்டும் போயிற்று. கடைவீதி முழுக்கத் தெரிந்துவிட்டதால் அதற்கப்புறம் ஒருத்தரும் கல்லாப் பக்கம் விடவில்லை. லோடு இறக்குகிறான், இங்கே ஒரு மாதம், அங்கே ஒரு மாதம்.

எனக்குத் தெரிந்த முதலாளி ஒருத்தர் புதுக்கடை திறக்கிறார். நான் ஒரு வார்த்தை சொன்னால் எடுத்துக்கொள்வார். சித்தி தினமும் ஃபோன் செய்கிறார். "உன் பேரைச் சொன்னா போதும் சாமி" என்கிறார். பேரைச் சொல்வதில்தானே எனக்குப் பழைய அனுபவம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

#14 பழைய_ஸ்கோர்புக்

சொல்லுங்கள். ஆனால் 18,000 கதையை முதலாளியிடம் முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள். வேறு வாய் வழியாகப் போனால் அவன் பேரோடு உங்கள் பேரும் சேர்ந்து போகும்.

#15 எதிர்க்கட்சி

சொல்லாதீங்க. சொந்தக்காரன்னா இன்னும் சொல்லாதீங்க. லோடு இறக்குறது கேவலமான வேலையா என்ன.

#16 வளர்மதி_தையல்

தம்பி, ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பணம் குறைகிறது என்று தெரிந்த அன்றைக்கு உங்கள் தம்பி என்ன சொன்னார்? உடனே ஒத்துக்கொண்டாரா?

#17 மிட்விக்கெட்

அக்கா, நீங்கள் கேட்டுவிட்டீர்கள். மேலே எழுதும்போது அதை விட்டுவிட்டேன், தெரிந்தேதான் விட்டேன்.

உடனே ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள், எண்ணியதில் தப்பு இருக்கும் என்று சாதித்தான். அந்தக் கல்லாவில் இன்னொரு பையனும் மாற்றி மாற்றி உட்காருவான், கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பையன், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. சந்தேகம் அவன் மேல் போயிற்று. என் தம்பி அவன்தான் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் பையனின் பையைக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள், ஊரிலிருந்து அப்பாவை வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா வந்து நின்ற பிறகுதான் இவன் வாயைத் திறந்தான்.

#18 ஜோபர்க்_ரிட்டர்ன்

அட. கிப்ஸ், வில்லியம்ஸ் கதையை நான் அவ்வளவு நீளமாக எழுதியபோது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்.

#19 மிட்விக்கெட்

அதைப் படித்துவிட்டுத்தான் #13ஐ எழுதுவதா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்கக் கிடந்தேன்.

#20 வளர்மதி_தையல்

முதலாளியிடம் அப்புறம் போகலாம். முதலில் அந்தப் பையன் எங்கே இருக்கிறான் என்று பாருங்கள். உங்கள் தம்பி முதலாளிக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், அந்தப் பையனுக்கும் அவன் அப்பாவுக்கும் இன்னும் ஒன்றும் கொடுக்கவில்லை. கொடுக்கிற மாதிரி ஒன்று இருக்கிறதா என்றும் எனக்குத் தெரியவில்லை. என் மாமனார் வீடு வீடாகப் போனார், நாங்கள் தடுத்தும் போனார். சில வீட்டில் உட்காரச் சொன்னார்கள், சில வீட்டில் சொல்லவில்லை.

#21 எதிர்க்கட்சி

அக்கா சொல்றது சரி. (மட்டுறுத்துனர் இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கலாம்.)

#22 மிட்விக்கெட்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சேர்த்து. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "கல்லாவில் வேண்டாம், குடோன்ல ஸ்டாக் எழுதட்டும், ஒரு வருஷம் பார்ப்போம்" என்றார். சித்திக்கு அதில் வருத்தம். தம்பிக்கு இல்லை.

அந்தப் பையனையும் தேடிப் பிடித்தோம். ஈரோட்டிலேயேதான் இருக்கிறான், பன்னீர்செல்வம் பூங்காவுக்குக் கொஞ்சம் தள்ளி நூல், பொத்தான், ஜிப் விற்கிற சின்னக் கடை, சொந்தக் கடை. போன சனிக்கிழமை தம்பியோடு நானும் போனேன். தம்பி வழியெல்லாம் என்ன சொல்வது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தான், அங்கே போனதும், "அப்பா நல்லாருக்காரா" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அவர் போன வருஷம் தவறிவிட்டாராம்.

அதற்கப்புறம் தம்பி சொல்ல வேண்டியதை எப்படியோ சொல்லி முடித்தான். அந்தப் பையன் ஜிப்பை அளந்து வெட்டிக்கொண்டே கேட்டான். சரி என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உட்காருங்கண்ணா, டீ வாங்கியாறேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான். தூக்குச் செம்பை எடுத்தான். கல்லாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு டீ வாங்கப் போனான்.